மூன்றாம் பூட்டில் நின்ற தண்ணீர்

மார்ஸ்லிக் கால்வாயின் மூன்றாம் பூட்டில் தண்ணீர் எழுந்து நின்ற அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் தெருவில் ஒருவரும் வாய்விட்டுத் தமிழ் பேசவில்லை. பிள்ளைகளைத் தமிழில் பேசு, தமிழில் பேசு என்று தலையில் குட்டி வளர்த்த நாங்களே, வாசல் தாண்டினால் இங்கிலீஷ் மட்டும்தான் என்று உதட்டில் விரலை வைத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தோம், ஏனென்றால் அந்தத் தண்ணீருக்குத் தமிழ் விளங்கும்.

பூட்டென்றதும் திறப்பு எங்கே என்று கேட்காதீர்கள். எங்களுக்கு முன்னே வந்து குடியேறியவர்கள் லாக் என்ற இங்கிலீஷ்ச் சொல்லை நேரே தமிழாக்கிப் பூட்டு என்று வைத்துவிட்டார்கள், அது நிலைத்துவிட்டது. ரயில் வருவதற்கு முன் இந்த நாட்டில் நிலக்கரியும் இரும்பும் படகில்தான் போயின. வழியில் மேடு வந்தால் படகை மேலே ஏற்றுவதற்காகச் சரிவில் படிபோலக் கல்லால் அறைகள் கட்டி, ஒவ்வோர் அறைக்கும் மேலே ஒரு கதவும் கீழே ஒரு கதவும் போட்டார்கள். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவைச் சாத்தி மேலேயிருந்து தண்ணீரை விட்டால் தண்ணீர் ஏறும், தண்ணீரோடு படகும் ஏறும், மேற்கதவைத் திறந்தால் படகு அடுத்த படிக்குப் போய்விடும். மார்ஸ்லியில் அப்படி ஏழு பூட்டு, எண்ணிக்கை கீழேயிருந்து மேலே. ஏழுக்கும் மேலே மைல்கணக்கில் கால்வாய், அதற்கும் மேலே குன்றுகளுக்கு நடுவில் ஒரு பெரிய குளம். ஏழுக்கும் கீழே, சுவரில் ஈரம் ஏறுகிற செங்கல் வீடுகள் உள்ள கீழ்த்துறைத் தெருவில், நாங்கள்.

எங்களில் ரூபிக்குத்தான் அந்தக் கால்வாயைக் கண்டால் ஆகாது. முழுப்பெயர் சாந்தரூபி, முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள், பிள்ளைகள் காப்பகத்தில் சமையல் வேலை, புருஷன் லண்டனில் வேலை பார்த்து மாதத்தில் ஒருமுறை வந்து போகிறவன். கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்த டிசம்பர் காலையில் அவளுடைய மூத்தவன் நிரோஜன் போய்விட்டான், உடல்கூடக் கிடைக்கவில்லை. இங்கே வந்து பிறந்தவள் மிதுஷா, ஒன்பது வயது, வாயாடி. நான் பக்கத்து வீடு, ஒரே சுவர் இருவருக்கும். ரூபி வீட்டில் குழாயைத் திறந்தால் வாளி நிறையும் முன்பே மூடிவிடுவாள் என்பது எனக்குச் சத்தத்திலேயே தெரியும்.

அந்த வருடம் மூன்றாம் பூட்டின் மேற்கதவுகள் உளுத்துப்போய்விட்டன என்று கழற்றி எடுத்தார்கள். மேலேயிருந்து வரும் தண்ணீரைக் குறுக்கே அடுக்கிய பலகைகளால் மறித்துவிட்டு, அறையை வெறுமையாக இறைத்து, அடுத்த வேலை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சனங்களை இறங்கிப் பார்க்க விட்டார்கள். இருநூறு வருடமாக ஒருவர் காலும் படாத கல் தரை என்றால் யார் வீட்டில் இருப்பார்கள்? கம்பிப் படிக்கட்டு வழியாகப் பிள்ளைகள் எல்லாம் கீழே இறங்கிவிட்டார்கள். மேலே கரையில் நின்று கால்வாயின் கதையைச் சொன்னவர் மிஸிஸ் க்ராடக், நரைத்த குட்டை முடியும் சேறு படிந்த சப்பாத்துமாக, பாதி வாழ்க்கையை இந்த ஏழு பூட்டோடு கழித்த பொறியியலாளர்.

மண்வெட்டியாலேயே முழுவதையும் வெட்டினார்கள் என்றார். வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்காமல் ஒழுகிப் போனபோது களிமண்ணைக் குழைத்துக் கொட்டி, அதன்மேல் மாடுகளை ஓட்டி மிதிக்க வைத்தார்கள் என்றார். கடைக்கார இராசநாயகம் அண்ணை, எதிலும் தனக்கொரு பங்கு வேண்டுமென்கிறவர், “மாடு மிதிச்ச சேறுதானே, அது எங்கட வேலையல்லோ,” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். பிறகு கதவுகளைப் பற்றிச் சொன்னார் க்ராடக். ஒரு கதவின் இரண்டு பாதிகளும் நேராகச் சாத்தாமல், மேட்டுப் பக்கம் முனை வைத்துக் கூராகச் சேரும். தண்ணீர் தள்ளத் தள்ள அவை இன்னும் இறுகும். தண்ணீரின் பலத்தாலேயே தண்ணீரை அடைத்து வைக்கிற வித்தை அது. ஒவ்வொரு படகும் மேலேயிருந்து ஓர் அறைத் தண்ணீரைக் கீழே கொண்டுபோகும், கீழே போனது ஒருநாளும் திரும்பி ஏறாது, அதனால்தான் மேலே குளம் வேண்டியிருந்தது என்றும் சொன்னார்.

கரையிலிருந்து நாலடி தள்ளியே நின்ற ரூபி என் கையைச் சுரண்டினாள். “அக்கா, கீழ இருந்து தண்ணி வந்தா அந்தக் கதவு பிடிக்குமோ எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். க்ராடக் சிரித்தார், கேலியாக அல்ல. கீழேயிருந்து தண்ணீர் வராது, அப்படி வந்தால் கதவு தானே திறந்து வழிவிடும், அது ஒரு பக்கத்துக்குச் செய்த கதவு என்றார்.

அந்தச் சிரிப்பு முடியவில்லை, தண்ணீரை மறித்திருந்த பலகைகள் முறிந்தன. துப்பாக்கிச் சத்தம் என்றுதான் எங்களில் பாதிப்பேர் குனிந்தோம். நிமிர்ந்து பார்த்தால், மைல்கணக்கான தண்ணீர், அதற்குப் பின்னால் குளம், எல்லாம் சேர்ந்து கறுப்பாக அறைக்குள் சரிகிறது. கீழே கல் தரையில் மிதுஷா மஞ்சள் மழைக்கோட்டோடு அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறாள், அவளைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள். நாலடி தள்ளி நின்றவள் எப்படிக் கரை விளிம்புக்கு வந்தாள் என்று நான் காணவில்லை. ரூபி இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அடிவயிற்றிலிருந்து ஒரு சொல்லைக் கத்தினாள்:

“நில்லு!”

தண்ணீர் நின்றது.

ஓடாதே என்பதற்கும் நாங்கள் நில் என்றுதான் சொல்வோம், எழும்பி நில் என்பதற்கும் நில் என்றுதான் சொல்வோம். இரண்டில் எது என்று அந்தத் தண்ணீருக்குப் பிடிபடவில்லை போலும், பாவம், இரண்டையும் செய்தது. முன்னே வராமல் நின்றது, சரிந்து கிடந்தது எழும்பி நேராகவும் நின்றது, கதவு வைக்க வேண்டிய அதே இடத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு, ஒரு பிடிமானமும் இல்லாமல், சுவராக. பிள்ளைகள் அழுதபடி ஏறி வந்தார்கள். கடைசியாக வந்த மிதுஷா, “அம்மா, உள்ள மீன் நிக்குது,” என்றாள்.

முதல் கிழமை ஊர் முழுக்கப் பயந்தது. பிறகு இந்த நாட்டு வழக்கப்படி வேலி போட்டு, தயவுசெய்து தண்ணீரைத் தொடாதீர்கள் என்று ஒரு பலகை மாட்டி, பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீர் விற்கத் தொடங்கினார்கள். வாத்துகள் நீந்தி வந்து விளிம்பிலிருந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. மீன்கள் சுவரின் முகம்வரை வந்து எங்களைப் பார்த்தன. க்ராடக் தினமும் வந்து உயரம் அளந்தார், கையை உள்ளே விட்டுப் பார்த்தார், மணிக்கட்டுவரை நனைந்து வந்தது. எடை முழுவதும் அங்கேதான் இருக்கிறது, பிடித்திருப்பது எதுவென்றுதான் எனக்குத் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். பாதிரியார் நன்றி வழிபாடு வைத்தார். காப்புறுதிக்காரர்கள் வந்து, தண்ணீர் விழுந்தால் பணம் உண்டு, நிற்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

காரணம் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான், எங்களுக்குத்தான் பயம் குறையவேயில்லை. நில் என்றதும் நின்ற தண்ணீர் வா என்றால் வராதா? விழு என்றால் விழாதா? எங்கள் பேச்சில் எத்தனை வா இருக்கிறதென்று அப்போதுதான் கண்டோம். பாலத்தடியில் ஒருத்தி பிள்ளையைப் பார்த்து “கெதியா வா” என்று கூப்பிட்டபோது சுவர் ஒரு சாண் முன்னால் வந்தது. அதைக் கண்ட எல்லோரும் அன்றிலிருந்து வாயைக் கட்டினோம். வாழைப்பழம் வாங்கவும் பயந்து, கடையில் இராசநாயகம் அண்ணையிடம் கையைக் காட்டினோம். “இருநூறு வருசமா இங்கிலீஷ் கேட்டுக் காது புளிச்ச தண்ணி, தமிழ் கேட்டதும் அதுக்கு ஆசை பிடிச்சிட்டுது,” என்றார் அவர், கடைக் கதவைச் சாத்திவிட்டு, குசுகுசுவென்று.

ரூபிக்குச் சளி பிடித்தபோதுதான் இன்னொன்றும் தெரிய வந்தது. குரல் கம்மிய அன்று சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சொட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவளுடைய தொண்டை எங்கள் தெருவின் பொதுச்சொத்தாகிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து கொத்தமல்லித் தண்ணி, ஒரு வீட்டிலிருந்து ரசம், எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் தேனும் எலுமிச்சையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மணியடித்துவிட்டு ஓடுவார். சால்வை போடு, வெளியே போகாதே, சத்தமாகச் சிரிக்காதே, அழவே அழாதே என்று எல்லோரும் அவளை நெருக்கினோம். நெருக்க நெருக்க அவள் இறுகினாள். கதவில்லாத பூட்டுக்கு அவளே கதவாகிவிட்டாள், அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் எங்கள் வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து ரூபி தட்டினாள். போனேன்.

“அக்கா, எனக்கு நித்திரையில்லை,” என்றாள். “நான் செத்துப்போனா அது நிக்குமோ? நான் நித்திரையில வேற ஏதும் சொல்லிப்போட்டா? மிது இந்தக் கட்டில்லதான் படுக்குறாள். எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா. அண்டைக்குக் கடலைப் பாத்தும் கத்தினனான். அது கேக்கேல்லை. இது ஏன் கேட்டது?”

தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

தை மாதம் மழை பிடித்தது. குன்றுகளில் பெய்ததெல்லாம் குளத்துக்கு வந்து, குளத்திலிருந்து கால்வாய்க்கு வந்து, கால்வாயிலிருந்து வழிந்தோட இடமிருந்தும் ஓடாமல், நில் என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு மேலே மேலே எழும்பியது. மூன்று ஆள் உயரம், பிறகு நாலு. கீழ்த்துறைத் தெருவில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் கூரைகளுக்கு மேலே அது தெரிந்தது, அசையாமல், உள்ளே மீன்களோடு. க்ராடக் எங்கள் சனசமூக நிலையத்துக்கே வந்துவிட்டார். யாரோ சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் உளறிவிட்டதால் விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததும் சிரிக்கவில்லை, அதற்காகவே எனக்கு அந்த மனுஷியைப் பிடிக்கும்.

புதுக் கதவுகள் தயார், ஆனால் தண்ணீர் நிற்பது கதவின் இடத்தில், அது விலகாமல் கதவு ஏறாது என்றார். கீழே உள்ள பூட்டுகளை வெறுமையாக்குகிறேன், கால்வாய் ஆற்றில் சேரும் வாயைத் திறந்து வைக்கிறேன், சனங்களைக் குன்றின்மேல் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஏற்றிவிடலாம், மெதுவாகப் போனால் ஆற்றில் விழுந்து கடலுக்குப் போய்விடும், ஒரேயடியாகப் போனால் தெரு இருக்காது. உங்கள் மொழியில் மெதுவாகப் போகச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

“மெல்லமாப் போ,” என்றார் இராசநாயகம் அண்ணை உடனே. “அவ்வளவுதான். வேற ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. தங்கச்சி, எங்க சொல்லிப் பாரும், ஜன்னல் எல்லாம் பூட்டித்தான் கிடக்கு.”

ரூபி வாயைத் திறந்தாள். “மெல்லமாப்...” என்றாள். அதற்கு மேல் வரவில்லை. பெண்களில் பலர் தலையைக் குனிந்துகொண்டோம், ஏனென்றால் எங்களுக்கு அது தெரியும். எங்கள் ஆட்கள் வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர்களைப் பார்த்துப் போ என்று சொல்ல மாட்டார்கள். போகிறவர் போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன் என்பார், இருக்கிறவர் போட்டு வா என்பார். போவதோடு வருவதையும் சேர்த்து முடிந்துவிட்டுத்தான் ஆளை வெளியே விடுவோம்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு சமையலறையில் வைத்து அவள் சொன்னாள். “அண்டைக்கு அடுப்படியில நிண்டனான். நிரோஜன் வந்து சீலையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டே நிண்டான். எரிச்சலில, போ, போய்க் கடற்கரையில விளையாடு எண்டனான். போ எண்டு மட்டும்தான் சொன்னனான் அக்கா. வா எண்டு சொல்லேல்லை.”

நாங்கள் இரண்டுபேரும் அழுதோம், பிறகு தண்ணீர்ச் சுவரை நினைத்துப் பயந்து நிறுத்தினோம். நிறுத்திவிட்டு, மிதுஷாவுக்காகச் சொல்லத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். போ, போ, போ என்று பச்சைப்பிள்ளைக்குப் பழக்குகிறமாதிரி பழக்கினேன். சாயந்தரத்துக்குள் சொல்ல வந்துவிட்டது.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. ஊர் முழுக்கக் குன்றின்மேல் நின்றது. பூட்டுக் கரையில் ரூபி, க்ராடக், மொழிபெயர்க்க நான், துணைக்கென்று சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்க்க இராசநாயகம் அண்ணை. ரூபி தண்ணீரை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில் நின்று அவள் அதைப் பார்த்ததேயில்லை.

“மெல்லமாப் போ,” என்றாள்.

அது கேட்டது. உச்சியிலிருந்து மெதுவாகத் தணிந்து, மடங்கி, கல் தரையில் உட்கார்ந்து, பிறகு எழும்பி நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாம் பூட்டு நிறைந்ததும் இரண்டாவதுக்கு இறங்கியது, இரண்டாவது நிறைந்ததும் முதலாவதுக்கு, ஒரு கல்லைப் புரட்டாமல், எங்கள் தெருவின் பின்சுவர்களை உரசி, ஒரு வாசலிலும் ஏறாமல் ஆற்றுக்குப் போனது. மத்தியானம்வரை போனது. குன்றின்மேல் கைதட்டல் கேட்டது. க்ராடக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த நீளத் தண்ணீரின் கடைசிப் பகுதி, ஒரு முழ உயரம்தான் இருக்கும், மூன்றாம் பூட்டின் வாயில் வந்து சற்றே தயங்கி நின்றது, விடைபெற வந்த ஆள் வேலிப் படலையடியில் நிற்கிறமாதிரி. ரூபி அதைப் பார்த்தாள். இத்தனை காலம் தன் சொல்லைக் கேட்டுக் கால் மடக்காமல் நின்ற ஒன்று. அவளுடைய முகம் இளகியது, வாயும் இளகியது.

“போட்டு வா,” என்றாள், மெல்ல.

இராசநாயகம் அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்தார். தண்ணீர் மினுங்கிவிட்டுப் போனது.

கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று க்ராடக் கேட்டார். விடைகொடுத்தாள், எங்கள் மொழியில் அப்படித்தான் விடைகொடுப்போம் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

புதுக் கதவுகள் ஏறின. நல்ல ஓக் மரம், மேட்டுப் பக்கம் முனை, முன்னைப்போலவே. வேலியைக் கழற்றினார்கள், தேநீர்க்காரர் போய்விட்டார், பிள்ளைகள் மறுபடி தமிழ் பேசினார்கள், நாங்களும் பேசினோம், வா என்று மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொன்னோம். இரவில் மிதுஷா இன்னும் அம்மாவின் கட்டிலில்தான் படுக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் சுவருக்கு அப்பால், “அம்மா, போட்டு வாறன்,” என்று அவள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுவது கேட்கும். “போட்டு வா” என்று ரூபி சொல்வது கேட்கும். சாயந்தரம் பிள்ளை வந்துவிடும். அந்தச் சொல் வேலை செய்கிறதென்று தினமும் எங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது, அதுதான் எங்கள் பயமே.

கோடை முடியும் நேரத்தில் ஒருநாள் க்ராடக் வந்து என்னையும் ரூபியையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. முதலாம் பூட்டின் கீழ்க்கதவுகள் ஒரு கையளவு திறந்திருந்தன. யாரும் திறக்கவில்லை, கீழேயிருந்து ஏதோ தள்ளியிருக்கிறது என்றார். அறைக்குள் தண்ணீர் இரண்டு சாண் ஏறியிருந்தது. கல்லில் பச்சையாய் ஒரு பாசி ஒட்டியிருந்தது, அப்படியொன்றை எங்கள் ஊர்க் கடற்கரையில் அல்லாமல் நான் வேறெங்கும் கண்டதில்லை. மார்ஸ்லியிலிருந்து கடல் ஒரு பகல் பயணத் தூரம். ரூபி குனிந்து, விரலைத் தோய்த்து, நாக்கில் வைத்தாள். பிறகு என் நாக்கிலும் வைத்தாள். உப்பு.

மறுநாள் இரண்டாம் பூட்டும் ஒரு கையளவு திறந்திருந்தது. மெதுவாகத்தான் வருகிறது, மெல்லமாகப் போகச் சொன்னதை அது மறக்கவில்லை. நாங்கள் கட்டில்களை மேல்மாடிக்கு ஏற்றினோம். அன்று பின்னேரம் தெருவே ரூபி வீட்டு வாசலில் கூடியது. இராசநாயகம் அண்ணைதான் பேசினார், அதட்டலாகத் தொடங்கிக் கெஞ்சலில் முடித்தார்.

“தங்கச்சி, அது வாசலுக்கு வந்தா நீ நில்லெண்டு சொல்லுவாய்தானே? ஒரு சொல்லுத்தானே பிள்ளை. சொல்லுவாய்தானே?”

ரூபி மிதுஷாவைத் தன்னோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மற்றக் கையால் கதவைப் பிடித்திருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை, எங்கள் தலைகளுக்கு மேலே கால்வாய்ப் பக்கம் பார்த்தாள்.

“சொல்லுவன் அண்ணை,” என்றாள். “ஆர் வாறதெண்டு பாத்திட்டுச் சொல்லுவன்.”